வீதியோரப் பூவுக்குள் புடையன் படுத்திருக்குமா?

ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு பாடசாலைக்குப் புதிதாக நியமனம் பெற்று வந்த ஆசிரியை ஒருவர் கேட்டிருப்பது இது: "பிள்ளைகள் காலையில் வரும்போது வீதியோரப் பற்றைகளுக்குள் கைவிட்டுப் பூப் பறித்துக்கொண்டு வருகிறார்கள். பூவின் மணத்துக்குப் பாம்பு வரும், பூப் பற்றைக்குள் புடையன் படுத்திருக்கும் என்று ஊரவர்கள் சொல்கிறார்கள். உண்மையா? பற்றைகளை எரித்துவிடலாம் என்று பெற்றோர் சிலர் சொல்கிறார்கள். செய்யலாமா? யாரையாவது கடித்துவிட்டால் நான் முதலில் என்ன செய்ய வேண்டும்?"

மகள், கடைசிக் கேள்விக்கான பதில் ஒரு வரிதான்: வேறெங்கும் போகாமல் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதைப் பின்னால் எழுதுகிறேன். எரிக்க வேண்டாம். முதற் கேள்வியில் பாதி உண்மை, பாதி பொய். பூப் பற்றைக்குள் புடையன் என்ற விஷப்பாம்பு படுத்திருக்கும் என்பது உண்மை, நானே கண்டிருக்கிறேன். மணத்துக்காக வருகிறது என்பது பொய். நான் வன்னியில் பிறந்து வளர்ந்தவன். தாதிய உத்தியோகத்தராக முப்பது வருடங்களுக்கு மேல் இந்தப் பக்கத்து வைத்தியசாலைகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். மாரி காலத்தில் பாம்புக்கடிக்காரர் ஒருவராவது படுத்திராத விடுதியில் வேலை செய்ததாக எனக்கு நினைவில்லை.

மணத்தின் கதையை முதலில் முடித்துவிடுவோம். பாம்பு மணம் பிடிப்பது பெரும்பாலும் நாக்கால். பிளந்த நாக்கை நீட்டி, காற்றிலும் மண்ணிலும் கிடக்கும் மணத்துகள்களை அள்ளி, மேல்வாயில் இருக்கும் ஓர் உறுப்பில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதில் அது தேடுவது எலியை, தவளையை, ஓணானை. மல்லிகையையோ தாழம்பூவையோ வைத்துக்கொண்டு அதற்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. தாழம்பூவுக்கு நாகம் வரும் என்று என் அம்மா சாகும்வரை நம்பினார். தாழை நீர்க்கரையில் நெருங்கி வளரும். அடியில் ஈரமும் இருட்டும் தவளையும் இருக்கும். ஆகையால் பூக்காத காலத்திலும் அதற்குள் பாம்பு இருக்கும். ஆனால் பூக்காத தாழைக்குள் யார் கைவிடப் போகிறார்கள்? பூத்தபோதுதான் மனிதன் உள்ளே போகிறான், பாம்பைக் காண்கிறான், சிலவேளை கடியும் வாங்குகிறான். பழி மணத்தின் மேல் விழுந்துவிடுகிறது.

ஆனாலும் பூவுக்கும் பாம்புக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். பூவுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் தவளையும் ஓணானும் வரும். பூ காய்ந்து விதையானால் எலி வரும். இவை எல்லாவற்றையும் தின்ன வருவது பாம்பு. மழை விழுந்து இரண்டு மூன்று கிழமைகளில் வீதியோரம் முழங்கால் உயரத்துக்குப் பூத்துக் கிடக்கும்போது, அடியில் இந்தச் சந்தை நடந்துகொண்டிருக்கும்.

காட்டுக்குள் இல்லாத அளவுக்கு வீதியோரத்தில் ஏன் என்றும் கேட்பீர்கள். மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவு போகும் வீதியை எடுத்துக்கொள்ளுங்கள். தாரில் விழும் மழை முழுவதும் இரு கரைகளுக்கும் வழிந்து ஓடுகிறது. அதனால் காட்டுக்குள் காய்ந்து கிடக்கும் நாளிலும் கரையோரம் பச்சையாக இருக்கும். மதகுகளின் அடியில் ஈரமும் பொந்துகளும் இருக்கும். அறுவடை முடிந்ததும் நம் ஆட்கள் நெல்லை எங்கே காயப் போடுகிறார்கள்? வீதியில்தான். சாக்கில் அள்ளிய பிறகு சிந்திய நெல் கரையோரப் புல்லுக்குள் கிடக்கிறது. இரவில் எலிகள் வந்து மேய்கின்றன. வயலுக்குள் அறுவடை இயந்திரம் இறங்கியதும் அங்கிருந்த பாம்புகள் வரம்புகளுக்கும் வீதிக்கரைக்கும் ஒதுங்குகின்றன. பொழுதுபட்ட பிறகும் தார் வீதியில் சூடு நிற்பதால் குளிர்ந்த மாலைகளில் பாம்புகள் அதன் ஓரமாக வந்து கிடக்கும். வெள்ளம் வந்தால் சொல்லவே வேண்டாம். மேடான இடம் வீதி ஒன்றுதான். 2018 டிசம்பர் கடைசியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் நீரில் மூழ்கியபோது மனிதர், மாடு, நாய், பாம்பு என்று எல்லா உயிரும் ஏறி நின்றது வீதிகளில்தான்.

இனி நான் கண்டதைச் சொல்கிறேன். ஒரு கார்த்திகை மாதம். இரவுக் கடமை முடிந்து காலை எட்டு மணியளவில் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். முத்தையன்கட்டுப் பக்கம் போகும் வீதியில் செயின் கழன்றுவிட்டது. சைக்கிளைக் கரைக்குத் தள்ளி நிறுத்தினேன். அந்த இடம் முழுவதும் தொட்டாற்சுருங்கி படர்ந்து, ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த குஞ்சக் குஞ்சமான பூக்களோடு இருந்தது. வெயில் ஏறிவிட்டதால் இலைகள் எல்லாம் நன்றாக விரிந்திருந்தன. குந்துவதற்குக் காலை எடுத்து வைக்கப் போனவன், அந்த விரிந்த இலைகளுக்கு நடுவே நான்கு விரல் அகலத்தில் ஒரு கோடு மட்டும் சுருங்கிக் கிடப்பதைக் கண்டேன். கோடு வளைந்து வளைந்து போனது. வீதிப் பக்கம் இருந்த இலைகள் மெல்ல விரியத் தொடங்கியிருந்தன. தூரத்தில் இருந்தவை இன்னும் இறுக மூடியிருந்தன. கோடு முடிந்த இடத்தில் ஒரு காய்ந்த மாட்டுச் சாணம்.

இலை சுருங்கியது எதனால் என்று யோசித்துக்கொண்டு அந்தச் சாணத்தையே பார்த்தேன். பழுப்பு நிறம். அதில் கரும்பழுப்பு வட்டங்கள் சங்கிலி போல வரிசையாக, ஒவ்வொரு வட்டத்துக்கும் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு விளிம்பு. ஒரு பூக்குஞ்சம் அதன் முதுகில் சாய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகுதான் தலை தெரிந்தது, சுருளின் நடுவில், என் காலைப் பார்த்தபடி. நான் கால் வைக்க இருந்த இடத்துக்கும் அதற்கும் இடையே இரண்டு முழம்கூட இல்லை. ஓட நினைத்தேன், ஓடவில்லை. பாதத்தை மெல்லப் பின்னால் எடுத்து, ஐந்தாறு அடி தள்ளிப் போய் நின்றேன். அது அசையவே இல்லை. சீறவும் இல்லை.

அசையாமல் இருப்பதுதான் முத்திரைப் புடையனின் குணம். புத்தகங்களில் கண்ணாடி விரியன் என்று எழுதுவார்கள். சாரையும் நாகமும் நீங்கள் வரும் அதிர்வு கேட்டதும் பெரும்பாலும் ஓடிவிடும். புடையன் தன் நிறத்தை நம்பிக் கிடக்கும். ஆகவே "கையைத் தட்டிக்கொண்டு போ, காலை உதைத்துக்கொண்டு போ, பாம்பு விலகிவிடும்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது பாதி உதவிதான். சில நேரம் பிரஷர் குக்கர் ஆவி விடுவது போல உரத்துச் சீறும்; அந்தச் சத்தம் கேட்டால் நின்ற இடத்தில் நின்று, அது எங்கே கிடக்கிறது என்று பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் விலகுங்கள். ஆனால் சீறவில்லை என்பதால் அது அங்கே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். இந்தப் பாம்பு முட்டையிடாது, குட்டி போடும்; ஒரே ஈற்றில் இருபது, முப்பது என்று போடும். குட்டிக்கும் பிறந்த நாளிலேயே விஷம் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெங்கிணாந்திக் குட்டி என்று நினைத்துப் புடையனைக் கையில் எடுத்தவர்களை நான் விடுதியில் பார்த்திருக்கிறேன். மலைப்பாம்பைத்தான் நாங்கள் வெங்கிணாந்தி என்போம். இரண்டும் தடித்த உடம்பு, இரண்டிலும் பழுப்புத் திட்டுகள். வெங்கிணாந்தியின் திட்டுகள் ஒழுங்கில்லாமல் நிலப்படம் போல இருக்கும். புடையனின் வட்டங்கள் அச்சில் வார்த்தது போல மூன்று வரிசையில் ஓடும். படித்தால் எளிது; பற்றைக்குள் அரைவாசி மறைந்து கிடக்கும்போது எளிதில்லை. ஆகவே தடித்த, பழுப்பான, திட்டுள்ள எந்தப் பாம்பையும் பிள்ளைகள் புடையன் என்றே நினைக்கட்டும். வெங்கிணாந்திக்கு அதனால் ஒரு குறையும் வராது.

மற்றப் பாம்புகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாகத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எழுந்து படம் விரித்துத் தன்னைக் காட்டிவிடும். பங்குனி உத்தரத்தன்று புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்குப் பொங்கப் போகும் எங்கள் ஆட்கள் அதைச் சட்டென்று அடிக்கவும் மாட்டார்கள். எட்டடி விரியன் வேறு வகை. கண்டங்கருவளலை என்றும் சொல்வார்கள். பளபளவென்ற கறுப்பில் மெல்லிய வெள்ளை வளையங்கள். அது பகலில் பூப் பறிக்கும் பிள்ளையைக் கடிப்பது அரிது. இரவில் வீட்டுக்குள் வந்து, நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியும் வீக்கமும் ஏறக்குறைய இருக்காது. விடியப்புறம் வயிற்றுவலி என்பார்கள், கண்ணிமை தொங்கும், பிறகு மூச்சு அடங்கும். கடித்து எட்டு அடி வைப்பதற்குள் சாவு என்று அந்தப் பெயரை வைத்துச் சொல்வது தவறு. சில மணி நேரம் இருக்கிறது. அந்த மணி நேரங்களில்தான் உயிரைக் காப்பாற்ற முடியும். உங்கள் பிள்ளைகளில் நிலத்தில் படுப்பவர்கள் இருந்தால் நுளம்புவலையைப் பாயின் அடியில் செருகிப் படுக்கச் சொல்லுங்கள்.

கடற்கரைப் பக்கம் போனால் சுருட்டை. முல்லைத்தீவு, மன்னார் மணற்பகுதிகளில், அடம்பன் கொடி ஊதாப் பூவோடு படர்ந்து கிடக்கும் இடங்களில், மண் நிறத்தில் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில் சுருண்டு கிடக்கும். தொந்தரவு செய்தால் உடம்போடு உடம்பை உரசி, உப்புத்தாள் தேய்ப்பது போல ஒரு சத்தம் எழுப்பும். மூக்கு நுனி மேலே நிமிர்ந்த சிறிய குழிவிரியன் ஒன்றும் உண்டு, சருகுக்குள் கிடக்கும். இலங்கை முழுவதையும் எடுத்துக்கொண்டால் மனிதரை அதிகம் கடிக்கும் விஷப்பாம்புகளில் அது ஒன்று. பெரும்பாலானோர் வீக்கத்தோடு தப்பிவிடுவார்கள். சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகும். நாயுண்ணிப் பூவுக்குள் கண்ணைக் கொத்த வரும் என்று பிள்ளைகள் அலறும் பச்சைப் பாம்பு உயிருக்கு ஆபத்தானதில்லை. அதை அடித்துக் கொல்வதைப் பார்த்தால் எனக்கு இன்றும் மனம் வருந்தும்.

1990களில் இடம்பெயர்ந்து வன்னிக் காடுகளுக்குள் கொட்டில் போட்டு இருந்த காலத்தில் எங்கள் சனம் இரண்டுக்குப் பயந்தது: மலேரியாவுக்கும் பாம்புக்கும். தறப்பாளின் கீழ் வெறும் நிலத்தில் படுத்தவர்கள், பதுங்கு குழிக்குள் இறங்கியபோது கடிபட்டவர்கள், விறகுக்குப் போனவர்கள் என்று வந்துகொண்டே இருப்பார்கள். மலேரியா போய்விட்டது, இலங்கையில் அந்த நோய் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றிதழே கொடுத்துவிட்டது. ஒரு நோயை ஒழிக்க இந்த நாட்டால் முடியும் என்பதற்கு அது சாட்சி. பாம்புக்கடி அப்படியே இருக்கிறது. கடிபடுகிறவர்கள் வயலில் வெறுங்காலோடு நிற்பவர்கள், தரையில் படுப்பவர்கள், இருட்டில் நடப்பவர்கள். உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியை 2017இல்தான் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

எரிக்கும் யோசனைக்கு வருகிறேன். வேறு ஊரில் என்றால் பாம்பு எரியாமல் பொந்துக்குள் போய்விடும், இல்லையேல் பாடசாலைப் பக்கம் ஓடி வரும் என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருப்பேன். இது வன்னி. மிதிவெடி அகற்றி முடிந்த இடம் எது, முடியாத இடம் எது என்று பிள்ளைகளுக்கும் தெரியும்; ஆனால் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் வெடிக்காத எறிகணைக்குப் பலகையும் இல்லை, சிவப்பு அடையாளமும் இல்லை. குப்பைக்கு வைத்த நெருப்பில் அப்படி வெடித்துக் காயப்பட்டவர்களுக்கு நான் மருந்து கட்டியிருக்கிறேன். தீ வைக்கலாம் என்று சொல்லும் பெற்றோருக்கு இதை நினைவூட்டுங்கள். அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிள்ளைகளைப் பற்றிய பயத்தில் அந்த நேரம் தோன்றாமல் போயிருக்கும்.

எரிப்பதற்குப் பதிலாகப் பிரதேச சபைக்கு எழுதி, பஸ் தரிப்பிடத்தில் இருந்து பாடசாலை வாசல்வரை பாதையின் இரு பக்கமும் ஆறு ஏழு அடிக்குப் புல்லை ஒட்ட வெட்டச் சொல்லுங்கள். மழை தொடங்கமுன் ஒரு தடவை, தை மாதத்தில் ஒரு தடவை. வெட்டிய இடத்திலும் சிறிய பூக்கள் பூக்கும். ஆனால் புடையன் மறைந்து கிடக்க முடியாது. மதகைச் சுற்றியும் குப்பை போடும் மூலையிலும் கட்டாயம் வெட்ட வேண்டும். சிரமதானம் என்று பிள்ளைகளை இறக்கிக் கையால் புல் பிடுங்கவிட வேண்டாம். பாத்தீனியம் பிடுங்கும் சிரமதானங்களில் இதை நான் பல இடங்களில் கண்டு சண்டையே பிடித்திருக்கிறேன். 1999இல் இலங்கையில் முதன்முதலாக வவுனியாவில் அடையாளம் காணப்பட்ட களை அது. அதை ஒழிக்க வேண்டும்தான். ஆனால் வெள்ளைச் சீருடையும் செருப்பும் போட்ட பத்து வயதுப் பிள்ளை, அடி தெரியாத பற்றைக்குள் இரண்டு கையையும் விட்டு வேரோடு இழுப்பது சரியான வேலையில்லை. முதலில் பெரியவர்கள் நீளப் பிடி வாரியால் விலக்கிப் பார்க்கட்டும்.

பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு என் பேத்திக்கு நான் சொன்னதையே தருகிறேன். "கண் முதலில், தடி அடுத்து, கை கடைசி." பூவைப் பார்க்காதே, பூவின் அடியைப் பார். அடி தெரியவில்லை என்றால் அந்தப் பூ நமக்கு வேண்டாம். ஆவரசும் எருக்கலையும் உயரமானவை, அடி தெரியும், எட்டி நின்று பறிக்கலாம். ஆனால் எருக்கலைப் பால் கண்ணில் படக்கூடாது. தொட்டாற்சுருங்கி, தும்பை, நெருஞ்சி, நிலத்தோடு படரும் கொடிகள் எதற்கும் கை நீட்டக் கூடாது. நாயுண்ணிப் பற்றைக்குள் பந்து போனால் பெரியவரைக் கூப்பிட வேண்டும். பொழுதுபட்ட பிறகும் விடியமுன்னும் டோர்ச் இல்லாமல் கரையால் நடக்கக் கூடாது. சப்பாத்து இருக்கும் பிள்ளை சப்பாத்துப் போடட்டும். எல்லாருக்கும் வாங்க வசதி இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் புல்லை வெட்டுங்கள் என்று முதலில் சொன்னேன்.

கார்த்திகைப்பூவைப் பற்றித் தனியாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஐப்பசி, கார்த்திகையில் வேலியெல்லாம் அது சிவப்பும் மஞ்சளுமாகத் தீச்சுடர் போல எரியும்போது எந்தப் பிள்ளையும் கை நீட்டாமல் இருக்காது. அந்தக் கொடி மற்றச் செடிகளைப் பற்றி ஏறுவது. ஆகவே அது பூக்கும் இடம் என்றாலே கீழே அடர்ந்த பற்றை. பாம்பு இல்லாவிட்டாலும் அந்தச் செடிக்கே விஷம் உண்டு, கிழங்கில் மிகக் கூடுதலாக. வேறு கிழங்கு என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டவர்களைக் காப்பாற்றுவது சில பாம்புக்கடியைவிடக் கடினம். பார்க்கட்டும், படம் கீறட்டும், பறிக்க வேண்டாம்.

இனிக் கடிபட்டால். ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அவனுக்கு அப்போது பத்து வயது. வெள்ளிக்கிழமைக் காலையில் கோயிலுக்குப் பூ எடுக்கப் போனவனுக்குக் கணுக்காலில் கடி. தகப்பன் அவனைத் தூக்கிக்கொண்டு முதலில் போனது ஒரு பரியாரியாரிடம், அதாவது நாட்டு வைத்தியரிடம். காலில் கயிறு இறுகியது, கடிவாய் கீறப்பட்டது, மந்திரித்துப் பார்வை பார்த்தார்கள். எங்களிடம் வந்தபோது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கீறிய இடத்தில் இருந்து இரத்தம் நிற்காமல் கசிந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில் நாங்கள் செய்யும் முதற் பரிசோதனைக்கு இயந்திரம் ஒன்றும் தேவையில்லை. சுத்தமான, உலர்ந்த ஒரு கண்ணாடிக் குழாய். அதில் இரண்டு மில்லிலீற்றர் இரத்தம். அசைக்காமல் 20 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு தடவை சரிக்க வேண்டும். உறைந்திருந்தால் இரத்தம் கட்டியாக அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அன்று மேசையில் குழாயை நிறுத்திவிட்டு, சுவர் மணிக்கூட்டையும் தகப்பனின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். சரித்தபோது குழாயின் வாய்வரை தண்ணீராக ஓடி வந்தது. புடையனின் விஷம் இரத்தம் உறைவதற்கான பொருளை எல்லாம் தின்று முடித்திருந்தது. சிறிது நேரத்தில் பையனின் இமைகளும் தொங்கத் தொடங்கின. இலங்கைப் புடையனின் விஷத்தில் நரம்பைத் தாக்கும் கூறும் இருக்கிறது. விஷமுறி மருந்து ஏற்றினோம். சிறுநீரகம் பழுதாகிவிட்டதால் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பி, அங்கே குருதிச் சுத்திகரிப்புச் செய்து, மூன்று கிழமைக்குப் பிறகு வீட்டுக்கு வந்தான். இன்று அவன் இரண்டு பிள்ளைகளின் தகப்பன்.

பரியாரியாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வைத்தியசாலைக்கு வழியே இல்லாத காலத்தில் இந்த மண்ணில் துணை நின்றவர்கள் அவர்கள்தான். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். 2012, 2013இல் நாடு முழுவதும் வீடு வீடாக நடத்தப்பட்ட ஆய்வின்படி, இலங்கையில் வருடத்துக்குச் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது. விஷம் ஏறுவது அவர்களில் சுமார் 30,000 பேருக்குத்தான். இறப்பவர்கள் 400 பேருக்கு மேல். அதாவது கடிபட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஒன்றுமே செய்யாமல் விட்டாலும் பிழைத்துக்கொள்வார்கள். கடித்தது விஷமில்லாத பாம்பாக இருக்கும், அல்லது விஷப்பாம்பு விஷத்தை இறக்காமல் கடித்திருக்கும். அவர்கள் கடிவாயில் வைத்த விசக்கல்லுக்கும் மந்திரத்துக்கும் நன்றி சொல்லிக்கொண்டு வீடு போகிறார்கள். விஷம் ஏறியவன் எங்களிடம் பிந்தி வருகிறான். இந்த இரண்டு பேரில் யார் என்பது முதல் மணி நேரத்தில் வெளிப்பார்வைக்குத் தெரியாது. அதைச் சொல்வது அந்தக் கண்ணாடிக் குழாயும் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திரும்பத் திரும்பப் பார்க்கும் விடுதியும்தான்.

ஆகவே, மகள், பிள்ளைக்குக் கடிபட்டால் அந்த இடத்தை விட்டுச் சில அடி தூக்கிக்கொண்டு வந்து படுக்க வையுங்கள். நடக்க விடாதீர்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சப்பாத்து, கொலுசு, காப்பு, மோதிரம், நேர்த்திக் கயிறு எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். கால் முறிந்தால் எப்படிக் கட்டுவோமோ அப்படி, ஒரு தடியோ நீள அடிமட்டமோ வைத்துக் கால் அசையாதபடி துணியால் தளர்வாகக் கட்டுங்கள். விரல் உள்ளே நுழைய வேண்டும். இரத்த ஓட்டத்தை நிறுத்தக் கயிறு கட்ட வேண்டாம். கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், ஐஸ் வைக்க வேண்டாம், மிளகாய் தின்னக் கொடுத்துக் காரம் தெரிகிறதா என்று கேட்க வேண்டாம். வலிக்குப் பனடோல் கொடுக்கலாம். அஸ்பிரின் கூடாது, அது இரத்தக் கசிவைக் கூட்டும். வாந்தி வந்தால் இடப்பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். அது வரப் பிந்தும் என்று தெரிந்தால் ஓட்டோ. அதுவும் இல்லையென்றால் மோட்டார் சைக்கிளில் ஓட்டுபவருக்கும் இன்னொரு பெரியவருக்கும் நடுவில் பிள்ளையை இருத்திக்கொண்டு போங்கள்.

பாம்பைத் தேடிக்கொண்டு யாரும் போக வேண்டாம். தூரத்தில் நின்று கைத்தொலைபேசியில் படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், அது எங்களுக்குப் பெரிய உதவி. முடியாவிட்டால் விடுங்கள். அடித்த பாம்பைப் பையில் போட்டுக்கொண்டு விடுதிக்குள் வந்து கொட்டுவார்கள். செத்த பாம்பின் தலைகூடச் சிறிது நேரத்துக்குக் கடிக்கும்.

பக்கத்து ஊர்ச் சிறிய வைத்தியசாலையில் ஏன் விஷமுறி மருந்து ஏற்றாமல் முல்லைத்தீவுக்கோ கிளிநொச்சிக்கோ அனுப்புகிறார்கள் என்று சனம் கோபப்படுவதுண்டு. குதிரைகளுக்குச் சிறிது சிறிதாக விஷத்தை ஏற்றி, அவற்றின் இரத்தத்தில் இருந்து பிரித்து எடுக்கும் மருந்து அது. உயிரைக் காக்கும், ஆனால் பலருக்குக் கடுமையான ஒவ்வாமையையும் உண்டாக்கும். அதைச் சமாளிக்க ஆளும் கருவியும் வேண்டும். நாங்கள் ஏற்றுவது இந்தியாவில் செய்த மருந்து. அதற்கான விஷத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக் கறந்து கொடுப்பவர்கள் தமிழ்நாட்டில், செங்கல்பட்டுப் பக்கம் 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்ட இருளர்கள். வெறுங்கையால் பாம்பு பிடிக்கும் அந்த மனிதர்களின் உழைப்பு எங்கள் பிள்ளைகளின் நரம்புக்குள் ஏறுகிறது என்று குப்பியைக் கரைக்கும்போதெல்லாம் நினைப்பேன். ஆனால் அது அங்கத்தைய நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை ஆகிய நான்கின் விஷத்துக்குச் செய்த மருந்து. எங்கள் புடையனின் விஷம் சற்று வேறுபட்டது. மூக்கு நிமிர்ந்த குழிவிரியனுக்கு அந்த மருந்து செய்யப்படவே இல்லை. இலங்கைப் பாம்புகளின் விஷத்தைக் கொண்டு நமக்கென்று ஒரு மருந்து கைக்கு வர வேண்டும் என்பது என் வேலைக்காலம் முழுவதும் இருந்த ஆசை.

உங்கள் பாடசாலையில் இருந்து எந்த வைத்தியசாலை கிட்ட, அங்கே இந்த மருந்து ஏற்றுகிறார்களா, இரவிலும் வைத்தியர் இருக்கிறாரா என்று இந்தக் கிழமையே நேரில் போய்க் கேட்டு, அதிபரின் அறைச் சுவரில் 1990க்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். கிராமத்தில் ஓட்டோ வைத்திருப்பவர்களின் இலக்கங்களையும் சேர்த்து எழுதுங்கள்.

பூ விடயம் மிச்சம் இருக்கிறது. பிள்ளைகள் பூக் கொண்டுவரக் கூடாது என்று தடை போட்டால் அவர்கள் ஒளித்துப் பறிப்பார்கள்; கடிபட்டால் பயத்தில் சொல்லவும் மாட்டார்கள், அது இன்னும் மோசம். பாடசாலை வளவுக்குள்ளேயே செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் வையுங்கள், அடிக்கு அடி இடைவெளி விட்டு, கீழே புல் இல்லாமல். என் வளவில் ஐந்து நிறச் செவ்வரத்தை நிற்கிறது. முதல் மழை விழுந்ததும் ஒரு முழத் தடியாக வெட்டி ஊன்றினால் நன்றாகப் பிடிக்கும். வாணி விழாவுக்கு இந்த வருடம் பூக்காது. அடுத்த வருடத்துக்கு நிச்சயம் பூக்கும். எத்தனை தடி வேண்டும் என்று எழுதுங்கள், வெட்டி ஈரச் சாக்கில் சுற்றி ஒட்டுசுட்டான் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.